நுரையீரலின் வழி கண்ட அல்லாமா இப்னுந் நஃபீஸ் (ரஹ்)

பிக்ஹு கிதாபைப் புரட்டிய விரல்களே நோயாளியின் நாடியையும் பிடித்துப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. மத்ரஸாவில் உட்கார்ந்து ஷாஃபிஈ மத்ஹபின் சட்டங்களை ஓதிக் கொடுத்தவரே ஆஸ்பத்திரியில் மாணவர்களுக்கு வைத்தியமும் சொல்லிக் கொடுப்பார். அதை யாரும் வினோதமாகக் கருதியதில்லை. அப்படி வாழ்ந்தவர்களில் ஒருவர்தான் அல்லாமா அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குரஷீ. இப்னுந் நஃபீஸ் என்றால்தான் உலகத்துக்குத் தெரியும். இப்னு சீனாவின் பெயரை அறிந்த அளவுக்கு நம் வீடுகளில் இவருடைய பெயரை அறிந்தவர்கள் இல்லை. ஆனால் நாம் இழுக்கும் மூச்சு எங்கே போய் இரத்தத்தைச் சந்திக்கிறது என்ற விஷயத்தில், இப்னு சீனாவுக்கே பிடிபடாத ஒன்றைப் பிடித்தவர் இவர்.

கி.பி. 1213ஆம் ஆண்டை ஒட்டி, ஷாம் தேசத்தின் திமிஷ்க் நகரப் பகுதியில் அன்னார் பிறந்தார்கள். இன்று டமாஸ்கஸ் என்று வழங்குவது அந்நகரமே. மார்க்கக் கல்வியும் அரபி இலக்கணமும் முதலில். பிறகு வைத்தியம். சுல்தான் நூருத்தீன் ஸங்கீ 12ஆம் நூற்றாண்டில் திமிஷ்க்கில் கட்டி வைத்த நூரீ பீமாரிஸ்தான் அக்காலத்தில் ஆஸ்பத்திரியாகவும் வைத்தியக் கல்லூரியாகவும் ஒருங்கே இருந்தது. அங்கே முஹத்தபுத்தீன் அத்தக்வார் என்னும் பெரிய ஹகீமிடம் பாடம் கேட்டார்கள். அதே ஆசிரியரிடம் ஓதிய இன்னொருவர் இப்னு அபீ உஸைபிஆ. வைத்தியர்களின் சரித்திரங்களைத் திரட்டிப் பெரிய கிதாபு எழுதியவர் இவர். எத்தனையோ ஹகீம்களின் வரலாற்றைச் சொல்லும் அந்தக் கிதாபின் வழக்கமான பிரதிகளில் இப்னுந் நஃபீஸின் பெயரே இல்லை! ஒரே உஸ்தாதிடம் ஓதியவர்களுக்குள் ஏதோ மனத்தாங்கல் என்று ஊகிப்பவர்கள் உண்டு. ஊகத்துக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பின்னர் மிஸ்ருக்குப் போய்க் காஹிராவில் தங்கிவிட்டார்கள். மீதி ஆயுள் முழுவதும் அங்கேதான். மங்கோலியர்கள் 1258இல் பக்தாதை அழித்துக் கிதாபுகளையும் ஆலிம்களையும் இல்லாமல் ஆக்கியபோது அன்னாருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அடைக்கலம் தேடி வந்த அறிவெல்லாம் காஹிராவில் குவிந்த காலம் அது. அங்கே மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாஃபிஈ பிக்ஹு நடத்தினார்கள். இமாம் ஷீராஸியின் 'தன்பீஹ்' கிதாபுக்கு விரிவுரை எழுதினார்கள். ஹதீஸ் கலையின் அடிப்படைகளைப் பற்றியும் எழுதினார்கள். ஷாஃபிஈ ஆலிம்களின் வரலாற்றைத் தொகுத்த இமாம் ஸுப்கீ தம் வரிசையில் இவருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். வைத்தியராக இருந்ததற்காகக் கிடைத்த இடமல்ல அது. ஆலிம் என்பதற்காகவே கிடைத்தது. (நம் சேலம், நாமக்கல் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபீ மத்ஹபைச் சார்ந்தவை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ கிதாபுகளை ஓதுகிறவர்களுக்கு 'தன்பீஹ்' பெயர் பழக்கமாக இருக்கும்.) வைத்தியத் துறையிலோ மிஸ்ர் நாட்டு வைத்தியர்களுக்கெல்லாம் தலைவர் என்ற பதவி வரை உயர்ந்தார்கள்.

அன்னார் எழுதும் விதம் விசித்திரமானது. பேனாக்களைச் சீவி முன்னால் அடுக்கி வைத்துவிட வேண்டும். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, எந்தக் கிதாபையும் புரட்டாமல், மனத்திலிருந்து வெள்ளம்போல் எழுதிக்கொண்டே போவார்களாம். பேனா மழுங்கினால் சீவ நேரம் செலவிடாமல் எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஒருநாள் ஹம்மாமில் குளித்துக் கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து உடை மாற்றும் அறைக்கு வந்து, மையும் காகிதமும் வரவழைத்து, நாடியைப் பற்றி ஒரு சிறு நூலை எழுதி முடித்த பிறகுதான் மறுபடி குளிக்கப் போனார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் குறித்திருக்கிறார்கள். 'ஷாமில்' என்னும் வைத்தியக் களஞ்சியத்தை 300 பாகங்களுக்குத் திட்டமிட்டு, 80 பாகங்கள் வரை சுத்தப் பிரதி எடுத்தார்கள். அவற்றில் சில பாகங்கள் இன்றும் மேல்நாட்டு நூலகங்களில் இருக்கின்றன.

ஆனால் வைத்தியம் பார்ப்பதில் அன்னாரைவிடக் கைராசிக்காரர்கள் அப்போது இருந்தார்கள் என்றும் அதே சரித்திர ஆசிரியர்கள் ஒளிக்காமல் எழுதுகிறார்கள். ஆகாரத்தால் தீரும் நோய்க்கு மருந்து எழுதமாட்டார்கள். தனி மருந்தால் தீர்வதற்குக் கூட்டு மருந்து எழுதமாட்டார்கள். சீட்டில் கோதுமைக் கஞ்சியும் இறைச்சிப் பதார்த்தமுமாக எழுதிக் கொடுப்பதைப் பார்த்துச் சலித்துப் போன ஒரு மருந்துக் கடைக்காரர், இப்படித்தான் எழுதுவதென்றால் கறிக்கடையில் போய் உட்காரும்படி சொல்லிவிட்டாராம்.

இனி, அன்னாரை உலகம் நினைக்கும் விஷயத்துக்கு வருவோம்.

யூனானி வைத்தியத்தின் முன்னோடியான ஜாலினூஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இருதயத்தின் வலது அறைக்கும் இடது அறைக்கும் நடுவே ஒரு தடித்த சுவர் இருக்கிறதல்லவா? அந்தச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துவாரங்கள் உண்டு. அவற்றின் வழியே வலப்புறத்து இரத்தம் கசிந்து இடப்புறம் போய், நுரையீரலிலிருந்து வரும் காற்றுடன் அங்கே கலக்கிறது என்பது அவர் கொள்கை. ஆயிரம் ஆண்டுகள் இதையே ஓதினார்கள். இப்னு சீனாவும் தம் 'கானூன்' கிதாபில் இந்த வழியிலேயே சென்றார்கள். அந்தக் கானூனின் உடற்கூறு பாகத்துக்கு விரிவுரை எழுதப் புகுந்த இடத்தில்தான், முப்பது வயதைக்கூடத் தாண்டாத இப்னுந் நஃபீஸ் நின்று யோசித்தார்கள். அந்த விரிவுரையின் 1242ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று கிடைத்திருப்பதால் இளமையிலேயே எழுதிவிட்டார்கள் என்று தெரிகிறது.

சுவர் கெட்டியானது, அதில் கண்ணுக்குத் தெரியும் துவாரமும் இல்லை, தெரியாத துவாரமும் இல்லை என்று முதலில் அறுத்துச் சொன்னார்கள். அப்படியானால் இரத்தம் இடப்புறம் எப்படிப் போகிறது? வலது அறையிலிருந்து ஒரு பெரிய குழாய் நுரையீரலுக்குப் போகிறது. அதன் வழியே இரத்தம் அங்கே சென்று பரவி, காற்றுடன் கலந்து, இன்னொரு குழாய் வழியே இருதயத்தின் இடது அறைக்குத் திரும்புகிறது. போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் நடுவே நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். 400 ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலியரான மால்பீகி தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது அந்த நுண்ணிய வழிகளைக் கண்ணாலேயே கண்டார்.

எங்கள் ஜேடர்பாளையத்து அணைக்கட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காவிரியின் குறுக்கே அணைக்கட்டு நிற்கிறது. அங்கிருந்து ராஜ வாய்க்கால் பிரிந்து பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் கொடிக்காலுக்கும் வாழைக்கும் கரும்புக்கும் தண்ணீர் கொண்டு போகிறது. அந்தத் தண்ணீரெல்லாம் அணைச் சுவரில் கசிந்துதான் வயலுக்குப் போகிறது என்று ஒரு பெரிய மனிதர் சொல்லி, ஆயிரம் வருஷம் யாரும் மறுக்காமல் இருந்தால் எப்படி இருக்கும்? சுவரில் கசிவு இல்லை, தண்ணீர் வாய்க்கால் வழியே சுற்றிக்கொண்டு போகிறது, வழியில் வயலைத் தொடுகிறது என்று ஒருவர் எழுந்து சொன்னாரே, அவர்தான் இப்னுந் நஃபீஸ். அதுவும் ஜாலினூஸையோ இப்னு சீனாவையோ இழிவாகப் பேசி அல்ல. இப்னு சீனாவின் கானூனைப் பரப்புவதிலேயே ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர்கள் அன்னார். மதிப்பு வேறு, தவறைத் தவறென்பது வேறு என்ற பழக்கம் பிக்ஹு மஜ்லிஸில் வந்ததாக இருக்கலாம். மத்ஹபின் பெரிய இமாமுடைய கருத்தையும் ஆதாரத்தை வைத்து எடைபோட்டுப் பேசுவது அங்கே அன்றாட வழக்கம்தானே.

சொல்லாததையும் சொன்னதாக ஏற்றிப் புகழ்வது நம் பத்திரிகைகளில் சகஜமாகிவிட்டது. ஆகவே இதையும் எழுதுகிறேன். உடல் முழுவதும் இரத்தம் சுற்றி ஓடுகிறது என்பதை இப்னுந் நஃபீஸ் சொல்லவில்லை. அதை 1628இல் நிறுவியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி. பிராணவாயு என்ற ஒன்றும் அன்னாருக்குத் தெரியாது. காற்றும் இரத்தமும் கலந்து உயிருக்கு ஆதாரமான 'ரூஹ்' உண்டாகிறது என்பதே அக்கால வைத்தியர்களின் எண்ணம். அன்னாரும் அப்படியே கருதினார்கள். மனிதச் சடலத்தை அறுத்துப் பார்ப்பதை விட்டு ஷரீஅத்தும் தம் இரக்க சுபாவமும் தம்மைத் தடுத்ததாக அந்தக் கிதாபின் முன்னுரையில் எழுதியிருக்கிறார்கள். பிராணிகளை அறுத்துப் பார்த்திருப்பார்களா, முன்னோர் எழுதியதைக் கொண்டு யோசித்தே கண்டார்களா என்பதில் இன்றும் அறிஞர்களுக்குள் பேதம் உண்டு.

காற்றும் இரத்தமும் நுரையீரலில் சந்திக்கின்றன என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. எந்த அளவுக்குச் சந்திக்கின்றன? இதை அளந்து பார்க்க மனிதனுக்கு இன்னும் 700 ஆண்டுகள் ஆயின.

மறுபடி வாய்க்காலையே நினைத்துக் கொள்ளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடுகிறது, ஊரில் பயிரும் நிறைய நிற்கிறது. ஆனால் தண்ணீர் கட்டுகிறவர் மடையைத் தரிசுக்குத் திருப்பிவிட்டு, வாழை நிற்கும் கடைமடையைக் காயவிட்டால் பயன் என்ன? மொத்தக் கணக்கில் குறைவே தெரியாது. வாழை மட்டும் வாடிப் போகும். நுரையீரலிலும் இதே கதைதான். அதில் 30 கோடிக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய காற்றுப் பைகளுக்குள் நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டர் காற்று போய் வருகிறது. சுமார் 5 லிட்டர் இரத்தம் அவற்றைச் சுற்றி ஓடுகிறது. ஆக விகிதம் 0.8. நிமிர்ந்து நிற்கும்போது பாரத்தினால் இரத்தம் கீழே அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருக்கும். மேல் நுனியில் இரத்தத்தைப் போல 3 மடங்கு காற்று. அடிப்பாகத்தில் விகிதம் 0.6 அளவுதான். ஆரோக்கியமானவரிடத்திலேயே இத்தனை ஏற்றத்தாழ்வு! 1960இல் லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் ஜான் வெஸ்ட், டாலரி என்னும் இரு டாக்டர்கள் கதிர்வீசும் வாயுவை மூச்சில் இழுக்கச் செய்து, மார்பின் மேல் கருவியை வைத்து எந்த இடத்தில் இரத்தம் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து காட்டினார்கள்.

ரப்புல் ஆலமீனின் ஏற்பாட்டில் மடை திருப்பும் வேலையும் உள்ளேயே இருக்கிறது. ஏதேனும் ஒரு பகுதிக்குக் காற்று வராமல் போனால், அங்கே செல்லும் இரத்தக் குழாய் தானாகவே சுருங்கி, இரத்தத்தைக் காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடுகிறது. 1946இல் சுவீடன் நாட்டின் ஆய்லர், லில்யஸ்ட்ராண்ட் இருவரும் பூனைகளிடம் இதைக் கண்டறிந்தார்கள். மற்ற உறுப்புகளில் பிராணவாயு குறைந்தால் குழாய் விரியும். நுரையீரலில் மட்டும் சுருங்கும்.

நோய் வந்தால் இந்த ஏற்பாடு தடுமாறுகிறது. டாக்டர் மணிக்கட்டில் இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பதன் நோக்கம் இதுதான். காற்றுப் பையில் இருக்க வேண்டிய பிராணவாயுவின் அழுத்தத்தைக் கணக்கிட்டு, இரத்தத்தில் உள்ளதோடு ஒப்பிடுவார். வாலிபருக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். அது கூடினால் காற்றும் இரத்தமும் சரியாகச் சந்திக்கவில்லை என்று சந்தேகம் வரும். எந்த இடத்தில் என்று பார்க்க வேண்டுமானால் இரண்டு படங்கள் எடுப்பார்கள். கதிர்வீசும் பொருளை மூச்சில் இழுக்க வைத்துக் காற்று போகும் இடங்களுக்கு ஒரு படம். நுண்ணிய துகள்களாக ஊசியில் ஏற்றி இரத்தம் போகும் இடங்களுக்கு இன்னொரு படம். காற்று இருந்து இரத்தம் இல்லாத இடம் தெரிந்தால், அங்கே குழாயில் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். நெடுநாள் படுக்கையில் கிடப்பவருக்குக் காலில் உறைந்த கட்டி இப்படி மார்புக்கு ஏறுவதுண்டு. 1974இல் வாக்னர், ஸால்ட்ஸ்மன், வெஸ்ட் ஆகிய மூவரும் இன்னும் நுட்பமாகப் போனார்கள். ஆறு வகை வாயுக்களைக் கரைத்து நரம்பில் ஏற்றி, ஒவ்வொன்றும் எவ்வளவு மூச்சில் வெளியேறுகிறது, எவ்வளவு இரத்தத்தில் தங்குகிறது என்பதை வைத்து, நுரையீரல் முழுவதின் விகிதங்களையும் ஒரே கோட்டுப் படமாகத் தீட்டிவிட்டார்கள்.

இதெல்லாம் டாக்டர்களின் சங்கதி, நமக்கென்ன என்று இருந்தோம். 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலை வீட்டுக்குள் வந்து கற்றுக் கொடுத்தது. மூச்சு ஓடிக் கொண்டிருக்கும். மனிதர் பேசிக் கொண்டும் இருப்பார். விரலில் மாட்டிய சின்னக் கருவியோ 85 என்று காட்டும். காற்று நிறையப் போகிறது, இரத்தமும் ஓடுகிறது, இரண்டும் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. காற்றுப் பைகள் நீர் கோத்துக் கிடக்கும் இடத்துக்கு இரத்தம் போய்க்கொண்டே இருந்ததும், வேறிடத்தில் குழாய்களில் கட்டி அடைத்ததும் அதற்குக் காரணங்கள் என்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் நோயாளியைக் குப்புறப் படுக்கச் சொன்னதும் இந்தச் சந்திப்பைச் சீராக்கத்தான். ஆறுதலாகப் பேசுகிறாரே என்று ஒரு நாள் தாமதித்ததால் பெரியவர்களைப் பறிகொடுத்த வீடுகள் நம் ஜமாஅத்துகளில் எத்தனை! அல்லாஹ் அவர்களுடைய கப்ருகளை விசாலமாக்கி வைப்பானாக.

எழுநூறு ஆண்டுகள் தாவி வந்துவிட்டோம். அந்தக் கிதாபின் கதி என்ன ஆயிற்று?

நம் நாட்டு யூனானி ஹகீம்கள் இப்னுந் நஃபீஸைத் தலைமுறை தலைமுறையாக ஓதித்தான் வந்தார்கள். ஆனால் அவர்கள் ஓதியது, கானூனைச் சுருக்கி அன்னார் பெயரால் வழங்கும் 'மூஜஸ்' என்னும் நூல். கிர்மான் நகரத்து ஹகீம் நஃபீஸ் அதற்கு எழுதிய விரிவுரையும் இங்கே பாடமாக இருந்தது. பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவரென்று எண்ணிவிடக் கூடாது. இதில் வேதனை என்னவென்றால், அந்த மூஜஸில் உடற்கூறு பாகமே கிடையாது! நுரையீரல் விஷயம் எந்த நூலில் இல்லையோ அது ஊர் ஊராகப் பரவியது. எதில் இருந்ததோ அது அலமாரிகளில் உறங்கிற்று. ஐரோப்பாவில் 1553இல் செர்வீட்டஸும் 1559இல் கொலம்போவும் இதே நுரையீரல் வழியை எழுதினார்கள். அன்னாரின் வேறொரு பகுதி 1547இல் வெனிஸ் நகரில் லத்தீனில் அச்சாகியிருக்கிறது என்பதைக் கொண்டு, அவர்கள் நம்மவரிடமிருந்து எடுத்துக் கொண்டார்கள் என்று அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் வரை அந்தக் குற்றச்சாட்டைச் சுமத்த நமக்கு உரிமையில்லை.

1924இல் முஹ்யித்தீன் அத்தத்தாவீ என்னும் மிஸ்ர் நாட்டு இளம் டாக்டர், பெர்லின் நூலகத்துக் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்துக் கொண்டிருந்தபோது இந்த விரிவுரை அவர் கண்ணில் பட்டது. அதையே பொருளாக வைத்து ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்கு எழுதினார். காஹிராவில் வசித்த ஜெர்மானிய அறிஞரான டாக்டர் மேயர்ஹோஃப் அதை ஆராய்ந்து உறுதி செய்து, கட்டுரைகள் வழியே உலகத்துக்கு அறிவித்தார். அதன் பிறகே வைத்திய சரித்திர நூல்களில் அன்னாருடைய பெயர் ஏறியது.

முதுமையில் அன்னாருக்குக் குறைவொன்றும் இருக்கவில்லை. காஹிராவில் சலவைக்கல் பதித்த அழகிய வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். அமீர்களும் ஆலிம்களும் அங்கே வந்து அமர்வார்கள். சுல்தான் கலாவூன் 1284இல் காஹிராவில் மன்ஸூரீ பீமாரிஸ்தானைக் கட்டி, ஏழை பணக்காரர், ஆண் பெண் என்றில்லாமல் யாவருக்கும் வக்ஃபு செய்தார். அதற்குள் அன்னாருக்கு எழுபது கடந்துவிட்டது.

ஹிஜ்ரி 687, துல்கஃதா மாதத்தில் நோய்வாய்ப்பட்டார்கள். ஆறு நாள் நோய். வைத்திய நண்பர்கள் சிலர், சிறிது மது அருந்தினால் குணமாகும் என்று யோசனை சொன்னார்கள். அக்காலத்து வைத்திய முறையில் அது வழக்கமான சிகிச்சைதான், அன்னாருக்கும் தெரியாததல்ல. ஆனால் வயிற்றில் அதில் ஒரு துளியை வைத்துக்கொண்டு அல்லாஹ்வைச் சந்திக்கத் தமக்கு விருப்பமில்லை என்று மறுத்துவிட்டார்கள். (இது அன்னார் தமக்காக எடுத்த பேணுதல். டாக்டர் தரும் மருந்தில் ஆல்கஹால் கலந்திருந்தால் என்ன சட்டம் என்பது தனி மஸ்அலா. இந்தச் சம்பவத்தை வைத்து யாரும் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். ஆலிமிடமும் டாக்டரிடமும் கேட்டுக் கொள்ளுங்கள்.)

துல்கஃதா 21, வெள்ளிக்கிழமையன்று வஃபாத்தானார்கள். கி.பி. கணக்கில் 1288 டிசம்பர் 17. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சலவைக்கல் வீட்டையும், வாழ்நாளெல்லாம் சேர்த்த கிதாபுகள் அனைத்தையும் மன்ஸூரீ பீமாரிஸ்தானுக்கே வக்ஃபாக எழுதி வைத்திருந்தார்கள்.